கதவுக்கு வெளியே நின்ற வருடம்

சைனீஸ் மனிசி ஒருவர் தமிழில் திட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கி வந்த முதல் மாசி மாதம், ஒரு காலை நேரம், வாசற்படியில் நின்றபடி அந்தத் திட்டை வாங்கினேன்.

எங்களுடையது செமி வீடு. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். இரண்டு வாசற்படிகளும் அருகருகே இருக்கும். முதல்நாள் முழுக்க ஸ்நோ கொட்டியிருந்தது. என் மனுசனுக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் வேலை. அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹைவேயில் என்ன பாடோ என்ற யோசனையோடு நான் படியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். யோசனை வந்தால் என் கை சும்மா இராது. எங்கள் படி முடிந்ததும் பக்கத்துப் படியைப் பார்த்தேன். வயசான மனிசி, தனியாக இருக்கிறார், வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், பிறகு யார் பார்ப்பது, அம்புலன்ஸ் இந்த ஸ்நோவுக்குள் எப்படி வரும்... இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய படியில் பாதியைக் கூட்டிவிட்டேன்.

கதவு படாரென்று திறந்தது. சிவப்பு ஸ்வெற்றர், சிவப்புச் சொக்ஸ், கையில் சமையல் சட்டுவம்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு லா! யாரு ஒன்னக் கூட்டச் சொன்னா?"

விளக்குமாறு என் கையிலிருந்து விழுந்துவிட்டது. திட்டைவிடத் தமிழ்தான் என்னைத் தூக்கிப்போட்டது.

"இல்லை அன்ரி... நீங்கள் வழுக்கி விழுந்திடுவீங்கள் எண்டு..."

"வருசம் பொறந்திருக்கு. மொத நாளு வாசல்ல நின்னுகிட்டு விழுந்திடுவேன்னு சொல்றியா?" சட்டுவத்தால் படியைக் காட்டினார். "அதிர்ஷ்டம் எல்லாம் வாசல்ல வந்து நிக்குது. நீ கூட்டி ரோட்டுல தள்ளிட்டே. எடு. திரும்ப எடுத்துப் போடு."

"ஸ்நோவையோ?"

"பின்ன? என் படியில இருந்ததுதான?"

ஷவலால் அள்ளி அள்ளித் திரும்பப் போட்டேன். நாயோடு நடந்து வந்த ஒரு மனிதர் நின்று பார்த்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கத்து நடைபாதைக்குப் போனார். "அந்த மூலையில கம்மியா இருக்கு," என்று மேலே நின்று வேலை வாங்கினார் அந்த மனிசி. எல்லாம் முடிந்ததும் உள்ளே போய் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு தோடம்பழங்களோடு வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"பசியாறியாச்சா? அன்ரின்னு கூப்புடாத. அக்கான்னு கூப்புடு."

அக்காவின் தமிழ் மலேசியாத் தமிழ். ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தாராம். கடைக்கு வந்த சனத்தில் முக்கால்வாசி தமிழர். "சீனி நிறுத்துக் குடுத்துகிட்டே படிச்ச தமிழு," என்பார். அந்தத் தமிழில் 'நீங்கள்' கிடையாது. நான் நீ, என் மனுசன் நீ, தபால்காரர் தமிழ்ப் பெடியன் என்று தெரிந்த நாளிலிருந்து அவனும் நீ. காலையில் கண்டாலும் பின்னேரம் கண்டாலும் "பசியாறியாச்சா?" என்பார். வேறு நலம் விசாரிப்பு இல்லை. அவருடைய பெயர் தபால்பெட்டியில் இருந்தது. பிழையாக உச்சரித்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது அந்தப் பெட்டியில் வேறு ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது.

நல்லது எதுவும் தானாக நடந்து வரும் என்று அக்கா நம்பியதேயில்லை. போய் இழுத்துக்கொண்டு வரவேண்டும். வருசப்பிறப்பு என்றால், வழி தெரியாத ஒரு விருந்தாளியைக் கூட்டி வரப்போகிறவர் மாதிரி ஒரு மாதத்துக்கு முன்னமே கிளம்பிவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் தளபாடம் நகர்கிற சத்தம் கேட்கும். திரைச்சீலைகள் கழன்று இறங்கும். அடுப்பைக் கழற்றிப் பின்முற்றத்தில் வைத்து உரஞ்சுவார். வீட்டைக் கூட்டினால் முன்வாசலில் தொடங்கி உள்நோக்கித்தான் கூட்ட வேண்டும், குப்பை பின்கதவால்தான் போகவேண்டும். எரியாத பல்ப், ஒழுகுகிற பைப், உடைந்த கைப்பிடி, ஒன்றும் புது வருசத்துக்குள் போகக்கூடாது.

சண்டையும் போகக்கூடாது. அக்காவுக்கு மற்றப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரோடு வேலியால் ஒரு தகராறு இருந்தது. வருசத்தின் கடைசி நாள், ஆவி பறக்கிற கேக் ஒன்றோடு அவருடைய வாசலுக்குப் போவார்.

"அந்த மனுசன் சமாதானத்துக்கு வராட்டி?" என்று கேட்டேன்.

"வருவான். வராம நான் திரும்ப மாட்டேன்."

உறைகிற குளிருக்குள் அந்த ஆள் கேக்கை வாங்கிக் கைகொடுக்கும்வரை நின்றார். வேலிச் சண்டை பிறகு சித்திரை மாதம் புதிதாகத் தொடங்கும். அது அடுத்த வருசத்துச் சண்டை, கணக்கு வேறு.

ஒருமுறை சந்தையிலிருந்து, காய்த்துக் குலுங்குகிற சின்னத் தோடை மரம் ஒன்றைச் சட்டியோடு பஸ்சில் கொண்டுவந்தார். றைவர் ஏற்றமாட்டேன் என்றாராம். அக்கா மரத்துக்கும் ஒரு ரிக்கற் போட்டு, அதை ஜன்னல் பக்கம் இருத்தி, தான் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். புதிய விஷயம் என்றால் பயந்து பயந்துதான் பழகுவேன், பழகிவிட்டால் விடமாட்டேன். அக்காவின் சட்டதிட்டங்களையும் அப்படியே பிடித்துக்கொண்டேன். முதல் நாள் கத்தி, கத்தரிக்கோல் தொடக்கூடாது, வருகிற அதிர்ஷ்டம் வெட்டுப்பட்டுவிடும். ஒரு வருசம் எங்கள் வீட்டுக் கத்திகளையும் ஒளித்துவைத்தேன்.

"இஞ்சாரும், ஒரு வெங்காயம் வெட்டக் கத்தி இல்லையோ?"

"இண்டைக்கு அக்காவுக்கு வருசப்பிறப்பு."

"அக்காவுக்குச் சரி. வெங்காயத்துக்குமோ?" என்றார் இவர், என் மனுசன்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வாய்ச்சட்டம் மட்டும்தான். முதல் நாள் கெட்ட சொல் ஒன்றும் வரக்கூடாது. சாவு, நோய், விழுதல், உடைதல், தொலைதல் எதுவும் கூடாது. இவற்றை எடுத்துவிட்டால் எனக்குக் கதைக்க ஒன்றுமேயில்லை. அக்காவின் சமையலறைக்குள் போய் உட்கார்ந்து, "இவரின்ர போன் அடிக்குது, எடுக்கிறாரில்லை, றோட்டில ஏதும்..." என்று தொடங்குவேன். அக்கா ரொய்லெற் பேப்பரைக் கிழித்து என் வாயைத் துடைத்துவிடுவார். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்வார்களாம். வாயிலிருந்து வந்தது சொல்லில்லை, வேறொன்று என்று அர்த்தம். ஒரே நாளில் மூன்று நான்கு முறை துடைபட்டிருக்கிறேன்.

அடுப்புக்கு மேலே அக்கா ஒரு தாடிக்காரச் சாமியின் படம் ஒட்டியிருந்தார். அடுப்படியில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்து, வருசம் முடியும்போது மேலே போய்ச் சொல்கிற சாமி. படத்தை எரித்து அனுப்புவதற்கு முன் அதன் வாயில் தேன் பூசுவார்.

"லஞ்சமோ அக்கா?"

"லஞ்சம் இல்ல லா. நல்லது மட்டும் பேசட்டும்னு. இல்லாட்டி வாய் ஒட்டிக்கட்டும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு ஒரு போத்தல் வேணும்."

எங்கள் சமையலறையில் தமிழ்க்கடைக் கலண்டர் தொங்கும். அப்பாவுக்காக நான் அமாவாசை விரதம் பிடிப்பேன். அக்காவின் வருசம் பிறப்பதும் அமாவாசையோடுதான். அதனால் அந்தத் திகதி எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஆனாலும் ஒரு வருடம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பைச் சொன்னதும் கலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். குடலில் ஒரு கட்டி. வெட்டி எடுக்கவேண்டும். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த நாள். நான் அமாவாசைக்கு வட்டம் போட்டிருந்த அதே நாள்.

"அக்கா, உது உங்கட வருசப்பிறப்பெல்லோ?"

"தெரியும்."

"கத்தி தொடக்கூடாத நாள்."

"தெரியும் லா."

"மாத்தச் சொல்லிக் கேளுங்கோவன்."

"கேட்டேன். மாத்தினா வரிசைக் கடைசிக்குப் போவணுமாம். எப்பக் கூப்புடுவாங்களோ தெரியாதாம். அது வரைக்கும் கட்டி சும்மா ஒக்காந்திருக்குமா?"

போனாலும் பிழை, போகாவிட்டாலும் பிழை. அக்கா கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சில நாட்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமேயில்லை. வீடு கழுவுகிற காலத்தில் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் சட்டுவத்தால் சுவரில் தட்டினார். வரச்சொல்லி அழைப்பு.

"முடிவு பண்ணிட்டேன். வருசம் வெளிய நிக்கட்டும்."

"என்ன அக்கா?"

"முன்கதவத் தொறந்து நாமதான வருசத்த உள்ள விடுறோம்? இந்தத் தடவ தொறக்கல. பழைய வருசத்துலயே ஆஸ்பத்திரிக்குப் போறேன். பழைய வருசத்துலயே வெட்டிக்கிறேன். திரும்பி வந்து நானே கதவத் தொறந்து உள்ள கூட்டிக்கிறேன். அது வரைக்கும் இந்த வீட்டுல பழைய வருசம்தான்."

"அப்பிடிச் செய்யலாமோ? சாமி..."

அடுப்புக்கு மேலே பார்த்தேன். தாடிக்காரர் அங்கேயே இருந்தார். அவரையும் அக்கா இந்த முறை அனுப்பவில்லை.

"அவரும் இருந்து பாக்கட்டும். பௌர்ணமி வரைக்கும் நாளு இருக்கு. அது வரைக்கும் வருசம் வாசல்ல நிக்கும். அதுக்கு மேல நிக்காது, போயிடும்." பின்கதவுச் சாவியை என் கையில் வைத்தார். "நீ பின்பக்கமா வந்து ஹீற்றரப் பாரு. முன்கதவ ஒருத்தனும் தொறக்கக்கூடாது. நான் வரணும், நான் தொறக்கணும்."

நான் வரணும் என்று அவர் சொன்ன விதம், கேக்கோடு அந்த வெள்ளைக்காரர் வாசலில் நின்ற அதே விதம்.

சத்திரசிகிச்சை நாள் காலை இவர் வேலைக்கு லீவு போட்டு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சத்திரசிகிச்சைக்காக அக்கா சாப்பிடவில்லை, விரதத்துக்காக நான் சாப்பிடவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தபோது, என் தொண்டையில் எல்லாக் கெட்ட சொற்களும் வரிசையில் நின்றன. அக்கா தன் கைப்பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு குட்டித் தேன் போத்தல். விரலைத் தோய்த்து, நேர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, என் உதட்டில் பூசிவிட்டார்.

"விரதம் அக்கா..."

"தேனுக்கு என்ன விரதம்? வாய மூடு. நல்லத மட்டும் பேசு."

சத்திரசிகிச்சை முடிந்தது, கட்டியை எடுத்தாயிற்று என்றார்கள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் பிடித்தது. வயிற்றுக்குள் கிருமி என்றார்கள். நாள் ஓடியது. நான் தினமும் பஸ் எடுத்துப் போனேன். குழாய்களுக்கு நடுவில் அக்கா சின்னதாகிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்தால் இவரிடம்கூட ஒன்றும் சொல்லமாட்டேன். அக்காவின் கணக்கில் இன்னும் பழைய வருசம், வாய்ச்சட்டம் இல்லை. ஆனாலும் உதட்டில் பூசியதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. இவர் பயந்துபோய், "ஏதாவது சொல்லி அழுமன்," என்றார்.

ஒருநாள் அக்கா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "கதவு?"

"பூட்டித்தான் கிடக்கு அக்கா."

கண்ணை மூடிக்கொண்டார்.

முன்படியில் ஸ்நோ முழங்காலளவு ஏறியது. கூட்டலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. முதன்முதலில் வாங்கிய திட்டு ஞாபகம் வர, தொடாமல் விட்டேன். விளம்பரத் தாள் போட வந்தவர்களை மறித்து என் வீட்டில் வாங்கிக்கொண்டேன். பார்சல்காரர் அந்தக் கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, "நோ! திஸ் சைட்!" என்று கத்திய கத்தலில் அவர் பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

"நீர் ஒரு வருசத்தையே வாசலில மறிச்சு வைச்சிருக்கிறீர்," என்றார் இவர். "உமக்கு ஒரு பஸ்சை மறிக்கத்தான் தெரியாது."

காய்ச்சல் கூடிய நாளில் அக்காவின் மகள் கல்கரியிலிருந்து வந்து இறங்கினார். தமிழ் தெரியாதவர். ரக்சியை அனுப்பிவிட்டு, சூட்கேசோடு நேரே முன்படிக்கு வந்து சாவியை எடுத்தார். நான் சப்பாத்தும் போடாமல் ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"நோ. பாக் டோர்."

"இது என் அம்மாவின் வீடு," என்றார் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக.

"யெஸ். நியூ இயர் வெயிற்றிங் ஹியர்." படியைக் காட்டினேன். "யூ ஓப்பின், ஹீ கம் இன். மதர் நொட் ஹியர். மதர் ஓப்பின். ஒன்லி மதர்."

கால் விறைத்தது. அவர் என்னைத் தள்ளியிருக்கலாம், பலசாலி. என்னையும், வருசப்பிறப்புக்குச் சிவப்புத் தாள் ஒட்டுகிற கதவு இன்னும் வெறுமையாகக் கிடப்பதையும் பார்த்தார். "அம்மா சொன்னாரா?" என்று கேட்டார். "மதர் செட்," என்றேன். அவர் சாவியைப் பையில் போட்டார். பிறகு சூட்கேசைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஸ்நோவுக்குள் புதைந்து புதைந்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

கலண்டரில் பூரணை, அக்கா சொன்ன பௌர்ணமி, நெருங்கியது. காய்ச்சல் இறங்கியது, ஆனால் அக்காவால் எழுந்து நிற்க முடியவில்லை. வோர்ட் நடையின் அந்த முனைவரை நடந்து காட்டினால்தான் வீட்டுக்கு விடலாம் என்றார் டொக்டர். அக்கா மருந்துக் கம்பத்தைப் பிடித்தபடி நடந்தார். பாதியில் நின்று சுவரில் சாய்ந்தார். மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, வேண்டாம் என்று கையைக் காட்டினார். அக்கா விழப்போகிறார் என்று என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அக்கா மறுபடி நடந்தார். அந்த முனைச் சுவரில் கையை வைத்துவிட்டுத் திரும்பி, "வீட்டுக்கு விட எழுதச் சொல்லு," என்றார்.

பூரணையன்று பின்னேரம், வெயில் மஞ்சளாக இறங்கும்போது, மகளின் வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கினார். முகத்தில் எலும்பும் கண்ணும்தான் இருந்தன. பார்வை நேரே படிக்குப் போனது.

"ஏன் கூட்டல?"

"நீங்கள்தானே அக்கா... முதல் நாள் கூட்டக்கூடாது எண்டு..."

"எது மொத நாளு? நான் இன்னும் கதவே தொறக்கலியே! எல்லாம் பழைய குப்ப லா. கூட்டு! கூட்டு! நெலா வந்திடப் போவுது."

நான் ஷவலை எடுத்தேன். இவர் வந்தார். மகள் கையாலேயே அள்ளினார். அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் தன் ஷவலோடு வேலியைத் தாண்டி வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. படிகளின் சிமெந்து தெரியும்வரை கூட்டினோம். மகள் சிவப்புத் தாளைக் கதவில் ஒட்டினார்.

அக்கா காரிலிருந்து இறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, ஏறினார். யாரையும் பிடிக்கவிடவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பி, தோளால் கதவைத் தள்ளினார். பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிடுகிற மாதிரி, கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் எல்லோரும் படியில் நின்றோம்.

"இப்ப வருசம் பொறந்தாச்சு," என்றார். என் பக்கம் திரும்பினார். "மொத வார்த்த நீ சொல்லு."

இத்தனை நாளும் பூட்டிவைத்த வாய். நல்ல சொல் ஒன்றைத் தேடினேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு பயம் நின்றது, ஒன்றைத் தவிர.

"பசியாறியாச்சா, அக்கா?"

தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இல்ல லா. வா, எதாச்சும் வெட்டிச் சமைப்போம். கத்தி எங்க இருக்கு பாரு."

"கத்தி இல்லை," என்றேன். அவருடைய கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் காலையிலேயே சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தேன். "நூடில்ஸ் அவிச்சு வைச்சிருக்கிறன். நீட்டாத்தான் கிடக்கு, வெட்டேல்லை. நீங்கள் இருங்கோ, நான் போடுறன்."

"ஒரு வெங்காயம் மட்டும்..."

"தரமாட்டன் அக்கா. இண்டைக்கு முதல் நாள்."